வண்டியும் வழியும்: காற்றில்லாமல் ஓடிய டயர்

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு மட்டுமே இப்பகுதி முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. மற்ற அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். கோடை விடுமுறை நெருங்குகிறது. ரயிலில் இடம் கிடைக்காமல், சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் நம்மில் பல. ஆகையால் ஒருவருக்குக் கூறும் விடை பலருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

எழுதியிருப்பவர் புனேயில் வாழும் நம் சங்கத்து அங்கத்தினர். வயது முதிர்ந்த தாயார், மனைவி, இரு குழந்தைகள் ஆகியோருடன் சேலத்துக்குக் காரில் போக எண்ணியிருக்கிறார். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து திரும்புகையில், சாந்தனி சௌக் மேம்பாலத்துக்கு அருகே ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. பின்னால் வரிசையாக லாரிகள், ஒதுங்க இடமில்லை, இருட்டும் நேரம். மெதுவாக ஓட்டிக்கொண்டே போய், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கடந்து ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினார். இடது முன் டயர் முற்றிலும் சப்பிக் கிடந்தது. கடைக்காரர் அதிலிருந்து ஒரு திருகாணியைப் பிடுங்கி, ரப்பர்த் திரியைச் செருகி, 33 பவுண்டு காற்றடித்து, "பயமில்லை சார், தாராளமாகப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றுமுதல் இன்றுவரை காற்று இறங்கவில்லை.

அடுத்த வீட்டு நண்பரோ, காற்றில்லாமல் ஓடிய டயரை நம்பவே கூடாது என்கிறார். கார் பழுது பார்க்கும் பணிமனையில் கேட்டதற்கு, நான்கு டயரையும் மாற்றிவிடுங்கள் என்றார்களாம். மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பதே அன்பரின் வினா.

மூவரும் தத்தமக்கு எட்டிய அளவில் பேசியிருக்கிறார்கள். கடைக்காரர் ஓட்டையைப் பற்றிச் சொன்னார். அண்டை வீட்டார் தாம் கேள்விப்பட்டதைச் சொன்னார். பணிமனையார் தங்கள் வியாபாரத்தைச் சொன்னார்கள். ஆனால் அந்த டயரின் உட்புறத்தை மூவரில் ஒருவரேனும் பார்க்கவில்லை. விடை இருப்பது அங்கேதான்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் தாங்குவது காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் சேர்ந்த டயர் என்பது அக்காற்றை அடக்கி வைக்கும் ஒரு பையே. 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இத்தகைய சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது வழக்கில் பரவவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் அதனை மீண்டும் கண்டறிந்து புகழ் பெற்றார். அன்று தொட்டு இன்றுவரை தத்துவம் மாறவில்லை. காற்று உள்ளவரை பை விறைத்து நிற்கும். காற்றுப் போனால் மடியும்.

மடிவது எவ்விடம் என்பதைக் கவனிக்க வேண்டும். தரையைத் தொடும் பட்டன் பகுதி தடித்தது. அதன் அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. பக்கச்சுவர் அத்தகையதன்று. இக்காலத்துக் கார்களில் உள்ள ரேடியல் டயரின் பக்கச்சுவரில் பாலியெஸ்டர் நூல் ஓரடுக்கோ ஈரடுக்கோதான் இருக்கும். அதன் வெளியே மெல்லிய ரப்பர். உள்ளே காற்றுக் கசியாமல் காக்கும் மற்றொரு ரப்பர்த் தோல். அவ்வளவே.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். நடுத்தரக் கார் ஒன்றின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். எனவே கிலோமீட்டருக்கு 500 சுற்று. காற்றில்லாத டயரின் பக்கச்சுவரில் ஒவ்வோர் இடமும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை, ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி மடிந்து மறுபடி நிமிர்கிறது. அன்பர் ஓட்டிய 2 கிலோமீட்டரில் இது ஆயிரம் முறை நடந்திருக்கிறது. சிறு வயதில் ஓர் இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்தவர்களுக்கு, ஒடியுமுன் வளைவு எப்படிச் சுட்டது என்பது நினைவிருக்கும். டயரிலும் அவ்வாறே சூடு ஏறுகிறது. ரப்பர் அச்சூட்டை எளிதில் வெளிவிடாது. நூல் தளர்கிறது, நூலுக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள பிடிப்பு விடுகிறது, உள்தோல் ஒன்றோடொன்று உராய்ந்து பொடியாக உதிர்கிறது.

அதன் பின்னர் ஓட்டையை அடைத்துக் காற்றடித்தால் டயர் முன்போலவே விறைத்து நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தோன்றாது. ஆனால் உள்ளே இருக்கும் நூல் பழைய நூல் அன்று. வீட்டு வாசலில் நிற்கும்போது அது காற்றைத் தாங்கும். நகருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்திலும் தாங்கக்கூடும். புனேயிலிருந்து சேலமோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் சற்று மேல். 5 லட்சம் சுற்று. மேலே சித்திரை வெயில், கீழே காய்ந்த சாலை, உள்ளே ஐந்து உயிர்களும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளும். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் 14 முறை சுழல்கிறது. மூன்று வாரமாகக் காற்று இறங்கவில்லை என்பது ஓட்டை அடைபட்டது என்பதற்குச் சான்று. பக்கச்சுவர் நலமாயிருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நம்மவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை.

இப்பிழைக்குப் பழைய பழக்கமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் தந்தையர் காலத்து அம்பாசடரிலும் பியட்டிலும் இருந்தவை டியூப் வைத்த டயர்கள். நூல் பல அடுக்காகக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிய தடித்த சுவர் உடையவை. ஆணி ஏறினால் டியூப் சடுதியில் காற்றை இழக்கும், வண்டி ஆடும், ஓட்டுபவர் அந்த இடத்திலேயே இறங்கி ஜாக்கி வைப்பார். இன்றைய டியூப்லெஸ் டயரில் ஆணி குத்திய இடத்திலேயே நின்று தான் செய்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கும். காற்று நாள்கணக்கில் சிறுகச் சிறுகக் கசியும். இது வசதிதான், ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. ரேடியல் டயர் இயல்பாகவே அடியில் சற்றுப் பிதுங்கி நிற்பது. 33 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 20 பவுண்டுதான் இருக்கிறது என்பதைக் கண் கண்டுகொள்ளாது; காலால் உதைத்துப் பார்ப்பதும் பயனற்றது. அரைக் காற்றில் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரைந்த டயர், காற்றே இல்லாமல் இருபது அடி உருண்ட டயரைவிட மிகுதியாகக் கெட்டிருக்கலாம். "நான் சப்பையாக ஓட்டவே இல்லையே" என்று சொல்பவரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் லாரிச் சக்கர வேலை செய்வோருக்கென ஒரு தொழிற்பாதுகாப்பு விதி உண்டு. குறித்த அழுத்தத்தில் 80 விழுக்காடு அல்லது அதற்குக் கீழான காற்றில் ஓடிய டயராயின், சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றுமுன் வால்வின் உட்கருவை நீக்கி எல்லாக் காற்றையும் வெளியேற்றிவிட வேண்டும் என்கிறது அது. முழுவதும் சப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே அந்த டயரை ஐயத்துக்குரியதாக எண்ணுகிறார்கள். 33 பவுண்டில் அது ஏறத்தாழ 26. லாரிக்கு ஏற்பட்ட விதி காருக்கு அப்படியே பொருந்தாது எனினும், எவ்வளவு சிறிய குறைவிலிருந்து அச்சம் தொடங்குகிறது என்பதை இதனால் அறியலாம்.

லாரி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன்; நாமக்கல் பக்கத்து லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் நம் சங்க விழாக்களுக்கு வந்து போவதுண்டு. லாரி, பஸ் ஆகியவற்றின் ரேடியல் டயரில் பக்கச்சுவரிலும் எஃகுக் கம்பியே இருக்கிறது. காற்றுக் குறைந்து ஓடியதில் அக்கம்பிகள் உள்ளுக்குள் ஒடிந்திருந்தால், மறுபடி காற்றடிக்கும்போது எஞ்சியவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்தாற்போலச் சுவர் கிழிந்து வெடிக்கும். எதிரே குனிந்திருப்பவர் பிழைப்பது அரிது. கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்கச் சொல்லுங்கள். கூண்டில்லாத கடையாயின் வேறு கடைக்குப் போங்கள். கார் டயரானாலும் காற்றேறும்போது அதன் பக்கவாட்டில் குழந்தைகளை நிற்க விடலாகாது.

இனி, டயரைப் பார்க்கும் முறை. ரிம்மிலிருந்து முழுவதும் கழற்றிப் பார்ப்பதுதான் பார்ப்பது. வண்டியிலேயே மாட்டியிருக்க, வெளியிலிருந்து திரியைச் செருகுவது வழியில் தப்புவதற்கான உபாயம். அதனைச் செய்தவர் உட்புறத்தைக் கண்டிருக்கவே முடியாது. இயந்திரம் வைத்திருக்கும் டயர்க் கடைகளில் கழற்றி மாட்டச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. முதலில் வெளிப்புறத்தைச் சுற்றிலும் பாருங்கள். பக்கச்சுவரில் வளையமாகத் தேய்ந்த தடம், எழுத்துகள் மழுங்கியிருத்தல், சுருக்கம், நீலம் பாய்ந்தாற்போன்ற நிறமாற்றம், வீக்கம், விரலால் அழுத்தினால் ஓரிடம் மட்டும் துவளுதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் போதும். அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பிறகு உட்புறத்தில் விளக்கடித்துப் பாருங்கள். தேயிலைத் தூள் போன்ற கறுப்புப் பொடி கிடக்கிறதா? பக்கச்சுவரின் உட்பக்கத்தில் பட்டையாக ஒரு வளையம் சொரசொரத்து, சுருங்கி, அல்லது பளபளத்துக் காண்கிறதா? நூல் தெரிகிறதா? ரிம்மில் பொருந்தும் விளிம்பு கிழிந்திருக்கிறதா? உட்புறத்தைத் தடவுமுன் கையுறை அணிவது நலம். உடைந்த கம்பி ஊசிபோல ஏறும்.

இவற்றுள் ஒன்றும் இல்லையெனில் டயர் நல்லது என்று முடிவு கட்டலாமா? இவ்விடத்தில்தான் வல்லுநரும் தயங்குகிறார்கள். சூட்டில் தளர்ந்த நூலைக் கண்ணால் காண முடியாது. ஆகவே கண்ணால் கண்டதோடு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம் என்ற வரலாற்றையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். இரவில் நிறுத்திய வண்டி காலையில் சப்பிக் கிடந்தது, ஓட்டவே இல்லை என்றால், கவலை வேண்டா. ஓட்டையை மட்டும் முறையாக அடைத்தால் போதும். வாசலிலிருந்து தெருமுனைவரை நடை வேகத்தில் உருண்டது, உட்புறமும் துப்புரவாக இருக்கிறது என்றால், நான் அதனை வைத்துக்கொள்வேன். ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் சப்பையாக ஓடியது என்றால், உட்புறம் எப்படியிருந்தாலும் நெடும்பயணத்துக்கு அதை அனுப்பமாட்டேன். இந்த எல்லை என் சொந்த அபிப்பிராயம். இன்னும் கடுமையாகச் சொல்வோரும் உண்டு. அவர்களோடு நான் வாதாடமாட்டேன்.

முறையாக அடைப்பது என்றேன். டயரைக் கழற்றி, உள்ளிருந்து ஒட்டும் காளான் வடிவான அடைப்பே முறையானது. அதுவும் பட்டன் பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மிகாத ஓட்டைக்கு மட்டுமே. பக்கச்சுவரில் ஏற்பட்ட ஓட்டையை யார் அடைத்துத் தந்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். வால்வு வழியாகச் செலுத்தும் பசை மருந்தும் ஓட்டையைத்தான் மூடும். போதாததற்கு உட்புறம் முழுவதும் பூசிக்கொண்டு, பார்க்க வேண்டியதையும் மறைத்துவிடும். சில விலையுயர்ந்த கார்களில் 'ரன் பிளாட்' என்னும் கெட்டிச் சுவர் டயர்கள் வருகின்றன; காற்றுப் போனபின்னும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் ஓடுமாறு செய்யப்பட்டவை. அவற்றையும் அவ்வாறு ஓட்டியபின் மீண்டும் பயன்படுத்தலாமா என்பதைச் செய்த நிறுவனத்தாரின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐயத்துக்குரிய டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. (ஸ்டெப்னி என்ற சொல், வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் 1904இல் உபரிச் சக்கரம் செய்யத் தொடங்கிய கடை இருந்த தெருவின் பெயர். அந்நாட்டாரே மறந்துவிட்ட அச்சொல்லை நாம் இன்றும் காப்பாற்றி வருகிறோம்.) அந்த யோசனையை நானும் ஒருமுறை செய்தேன். சப்பையாக ஓடிய ஒரு டயரை ஒட்டி, ஸ்டெப்னி இடத்தில் போட்டு, அடியோடு மறந்தும் போனேன். இரண்டு ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போகையில், சித்ரதுர்கா அருகே வேறொரு டயரில் ஆணி ஏறியது. அந்த ஸ்டெப்னியை மாட்டினேன். ஹிரியூர் எட்டுமுன் தட்தட் என்று ஓர் ஒலி. இறங்கிப் பார்த்தால், பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் போன்ற வீக்கம். வேகம் குறைவாயிருந்ததால் தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் குழந்தைகளை வைத்துக்கொண்டு சாலையோர மரத்தடியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நெருக்கடியில் பயன்பட வேண்டிய டயருக்கு மட்டும் குறைந்த தகுதி போதும் என்று நான் எப்படி எண்ணினேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இப்போது வரும் சில கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. 2020ஆம் ஆண்டில் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் சாதனமும் உள்ள கார்களுக்கு அது கட்டாயமன்று. அத்தகைய காரில் போவோர் அக்கருவியின் மஞ்சள் விளக்கை அலட்சியம் செய்யலாகாது. பக்கச்சுவர் போய்விட்டால், உடன் வரும் சாதனம் எதையும் காப்பாற்றாது.

அன்பர் அன்று 2 கிலோமீட்டர் ஓட்டியது தவறா என்று மனைவியார் கேட்டாராம். தவறன்று. இருட்டில், லாரிகளுக்கு நடுவே, நெடுஞ்சாலைத் தடத்தில் நிறுத்தி ஜாக்கி வைப்பது டயரைக் காப்பதற்காக ஆளைப் பணயம் வைப்பதாகும். பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தானே தணியவிட்டு, நான்கு விளக்கும் மின்ன, பத்திரமான இடம் வரை ஊர்ந்து போவதே முறை. அவ்வாறு செய்தவர் டயரைப் பலி கொடுத்துவிட்டோம் என்று அன்றே கணக்கில் எழுதிவிட வேண்டும். அவர் அதை எழுத மறந்தார், அவ்வளவுதான்.

கடிதம் கண்டவுடன் தொலைபேசியில் அழைத்துச் சென்ற ஞாயிறன்று அவருடன் நானும் ஒரு டயர்க் கடைக்குப் போனேன். வெளியே பார்த்தபோது ரிம்மை ஒட்டி மெல்லிய தேய்மானத் தடம் ஒன்றுதான். அன்பர் முகத்தில் நம்பிக்கை இருந்தது. இயந்திரத்தில் கழற்றிச் சாய்த்ததும் இரண்டு தேக்கரண்டி அளவு கறுப்புப் பொடி தரையில் கொட்டியது. உள்ளே, சுவர் முழுவதும் சுற்றிவர, இரண்டு விரல் அகலத்துக்கு உள்தோல் உரிந்து ஓரிடத்தில் நூல் தெரிந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்தார், ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரமாகக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற வண்டி அது.

மற்ற மூன்று டயர்களையும் அளந்தோம். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. விதி கேட்பது 1.6. நான்கையும் மாற்ற வேண்டும் என்ற யோசனைக்கு அத்துடன் விடை கிடைத்தது. ஒரே அச்சில் ஒரே வகை இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு புதிய டயர்கள் வாங்கி, பின்னால் மாட்டினோம். பின்னாலிருந்த இரண்டும் முன்னால் வந்தன. எஞ்சிய நல்ல டயர் ஸ்டெப்னியாயிற்று. இதுவரை ஸ்டெப்னியாக இருந்ததன் பக்கத்தில் 1116 என்று கண்டிருந்தது. 2016ஆம் ஆண்டின் 11ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். தரையையே தொடாமல் முதுமை அடைந்துவிட்டது.

கெட்ட டயருக்கு 200 ரூபாய் தருவதாகக் கடையிலிருந்த ஒருவர் கேட்டார். எதற்கு என்று வினவினேன். கறுப்புச் சாயம் பூசினால் டெம்போக்காரர் யாரேனும் வாங்கிப் போவார் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அன்பர் கத்தி வாங்கித் தாமே இரு பக்கச்சுவர்களையும் அறுத்துவிட்டார். பழைய டயரைக் கடையில் விட்டுவரும் எல்லா அன்பர்களும் இதைச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர்கள் புறப்படுகிறார்கள். ஐந்து டயர்களிலும் வண்டி சூடேறுமுன் காற்றுப் பார்க்கவும், ஓட்டுநர் கதவோரச் சீட்டில் முழுப் பாரத்துக்குக் கண்டுள்ள அளவையே வைக்கவும் சொல்லியிருக்கிறேன். இவ்விதழ் தங்கள் கைக்கு வருமுன் சேலம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.